ஃபுன்ஷால் நகராட்சிக்குத் தூத்துக்குடிக்காரன் எழுதும் கடுதாசி

மதிப்பிற்குரிய நகராட்சித் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

கடிதம் என்று போடாமல் கடுதாசி என்று போட்டதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் பக்கத்துப் பழைய ஆட்கள் கடிதத்தைக் கடுதாசி என்றுதான் சொல்வார்கள். அது உங்கள் போர்த்துக்கீசிய மொழியின் ‘கர்த்தாஸ்’ என்ற சொல்லிலிருந்து வந்தது என்கிறது தமிழ் அகராதி. ஆக, உங்களிடம் வாங்கிய ஒன்றில்தான் உங்களுக்கு எழுதுகிறேன். இன்னும் சில சொற்கள் பாக்கி இருக்கின்றன, வரிசையாக வரும்.

நான் பயணிகள் கப்பல் ஒன்றில் மின்வேலை பார்ப்பவன். வருடத்தில் எட்டு, ஒன்பது மாதம் கடலில். கப்பலுக்குள் ஆயிரத்துக்கு மேல் அறைக்கதவுகள், எல்லாம் ஒரே அளவு, ஒரே நிறம், எண் மட்டும் மாறும். விளக்கு எரியவில்லை, பிளக் வேலை செய்யவில்லை என்று அழைப்பு வந்தால் எண்ணைப் பார்த்துப் போவேன், தட்டுவேன், வேலையை முடித்துவிட்டு வருவேன். உங்கள் ஃபுன்ஷால் இருக்கும் மதீராத் தீவு என்றால் எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் ரொனால்டோ. கரையிறங்கியதும் அவர் சிலை பக்கம் படம் எடுக்க ஓடுவார்கள். எனக்குக் கதவு. 2014-ல் முதல்முறை இறங்கி உங்கள் பழைய நகரத்துக்குள் நடந்தபோது, ஒரு கதவைப் போல இன்னொன்று இல்லாத தெருவைப் பார்த்துக் கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டேன். ஒன்பது மாதம் வெள்ளைக் கதவுகளைப் பார்த்தவனுக்குத்தான் அது புரியும்.

துறைமுகத்திலிருந்து அங்கே அரை மணி நேர நடை. கடலோரச் சாலையில் பிராசா தோ போவோ சதுக்கத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். 2010 பிப்ரவரி 20-ஆம் தேதி மலையிலிருந்து இறங்கிய வெள்ளம் நாற்பதுக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோனது. அது இழுத்து வந்த கல்லையும் மண்ணையும் கொட்டிய இடம் அந்தச் சதுக்கம் என்று தெரிந்தபிறகு அதன்மேல் சாதாரணமாக நடக்க முடியவில்லை. வெள்ளம் உங்களுக்குப் புதிதில்லை. 1803-ல் வந்தது கடற்கரையில் இருந்த ‘நோஸா ஸென்ஹோரா தோ கல்யாவ்’ கோயிலையே இடித்துவிட்டுப் போயிற்று. கல்யாவ் என்றால் கூழாங்கல்லாம். எங்கள் ஊரில் பனிமய மாதா இருக்கிறாள், உங்கள் ஊரில் கூழாங்கல் மாதா இருந்திருக்கிறாள். தூத்துக்குடியில் பனி எங்கே இருக்கிறது என்று யாரும் கேட்டதில்லை. உங்கள் கரையிலாவது கூழாங்கல் நிறையக் கிடக்கிறது.

அப்புறம் மெர்காதோ தோஸ் லாவ்ரதோரெஸ். 1940-ல் திறந்த சந்தை. கீழ்த்தளத்தில் மீன். கன்னங்கரேலென்று ஆள் நீளத்துக்குக் கிடக்கும் எஸ்பாதா மீனைப் பார்த்ததும், “அட, நம்ம வாளை!” என்றுதான் வாயில் வந்தது. எஸ்பாதா என்றால் வாள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். இரண்டு கரைக்காரர்களுக்கும் ஒரே எண்ணம் தோன்றியிருக்கிறது. அதை வாழைப்பழத்தோடு சேர்த்துப் பொரித்துச் சாப்பிடுகிறீர்களே, அதில் மட்டும் நமக்குள் ஒத்துப்போகாது.

சந்தையைத் தாண்டினால் சாந்தா மரியா தெரு. ஊர் முதன்முதலில் குடியேறிய பக்கம். இரண்டு பேர் கைகோத்து நடந்தால் மூன்றாவது ஆள் ஒதுங்க வேண்டும், அவ்வளவுதான் அகலம். கருங்கல் பாவிய தரை, எரிமலைக் கல்லில் செதுக்கிய நிலை, அதற்குள் கதவு. ஒரு காலத்தில் இந்தத் தெரு பாழடைந்து, பாதி வீடுகள் பூட்டிக் கிடந்ததாம். ஜோஸே மரியா ஜிபர்செமா என்பவர் தொடங்கிவைத்த யோசனைக்கு உங்கள் நகராட்சி துணை நின்றது. 2011-ல் கதவுகளில் ஓவியம் ஏறத் தொடங்கியது. ‘திறந்த கதவுகளின் கலை’ என்று அந்தத் திட்டத்துக்குப் பெயர். பூனை, கடல்கன்னி, குடை பிடித்த பெண், பழைய தகரத்தை வெட்டி ஒட்டிய மீன் என்று ஆளாளுக்கு ஒன்று. எல்லாமே நல்ல ஓவியம் என்று சொல்லமாட்டேன். சிலது பள்ளிக்கூட ஆண்டுவிழாத் திரை போல இருக்கிறது. ஆனால் தெரு பிழைத்துக்கொண்டது.

அங்கே படம் எடுப்பது லேசில்லை. தெரு குறுகல் என்பதால் பின்னால் நகர இடம் கிடையாது, எதிர்ச்சுவரில் முதுகை ஒட்டி நிற்க வேண்டும். கைபேசியின் அகலப் பார்வையில் எடுத்தால் கதவு பானை மாதிரி வயிறு உப்பும். உச்சிவெயிலில் பாதிக் கதவு வெளிச்சம், பாதி இருட்டு. அதனால் காலை ஒன்பது மணிக்குள் போய்விடுவேன். உணவகக்காரர்கள் மேசைகளை வெளியே போட்டுவிட்டால் அதற்குப் பிறகு ஒன்றும் எடுக்க முடியாது. (மேசையும் உங்கள் சொல்தான்.) கோர்ப்போ சாந்து சிற்றாலயம்வரை எடுத்துக்கொண்டே போவேன். மீனவர்கள், மாலுமிகள் கோயில் அது. இடிமழை நேரத்தில் பாய்மர நுனியில் நீலமாக ஒளிருமே, அந்த மின்சாரத்துக்கும் உங்கள் பழைய மாலுமிகள் ‘கோர்ப்போ சாந்து’ என்றுதான் பெயர் வைத்திருந்தார்கள். கப்பலில் மின்வேலை பார்ப்பவன் அங்கே ஒரு நிமிடம் நிற்காமல் வர முடியுமா? அதையும் தாண்டினால் மஞ்சள் நிறத்தில் சான் தியாகோ கோட்டை, கீழே கூழாங்கல் கரை. அங்கே உட்கார்ந்து ஒரு காப்பி குடித்துவிட்டுத் திரும்பி நடந்தால் கப்பல் புறப்பட நேரம் சரியாக இருக்கும்.

இப்படி எத்தனையோ தடவை. போன வருடம் விடுமுறையில் ஊரில் இருந்தபோது எல்லாப் படங்களையும் கணினியில் போட்டு என் மகளிடம் காட்டினேன். நானூறுக்கு மேல் இருக்கும். அவள் பிளஸ் டூ படிக்கிறாள், வாய் அதிகம். தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு, “என்னப்பா, எல்லாம் பூட்டுன வீடாப் பாத்து எடுத்திருக்கீங்க? களவாணி மாதிரி” என்றாள்.

சிரித்துவிட்டேன். அப்புறம் மறுபடி உட்கார்ந்து பார்த்தேன். நிஜம்தான். திறந்த கதவுகளின் கலை என்று பெயர் வைத்த தெருவில் நான் எடுத்த படங்களில் திறந்த கதவு ஒன்றுகூட இல்லை. ஓரளவுக்கு அது என் குற்றம். கதவு திறந்தால் ஓவியம் உள்பக்கமாக மடங்கிவிடும், ஆள் நின்றால் படம் கெட்டுவிடும் என்று கதவு மூடக் காத்திருந்தவன் நான். 2014-ல் ஒரு வீட்டு வாசலில் ஒரு பெண் வாளியோடு வந்து படியைக் கழுவினார். அவர் உள்ளே போகும்வரை எதிர்ச்சுவரில் சாய்ந்து நின்றது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கழுவிய படி மட்டும் ஈரமாகப் படத்தில் இருக்கிறது.

ஆனால் பிந்திய படங்களில் காத்திருக்க வேண்டிய தேவையே இருந்திருக்கவில்லை. ஒரே கதவின் படங்களை வருட வரிசையில் அடுக்கிப் பார்த்தேன். பழைய படத்தில் மேலே ஜன்னலில் துணி காய்கிறது, கீழே கதவோரம் ஒரு பூத்தொட்டி, மிதியடி. (ஜன்னலும் நீங்கள் கொடுத்ததுதான், ‘ஜனேலா’.) அடுத்ததில் துணி இல்லை. அதற்கடுத்ததில் தொட்டியும் இல்லை. கதவுக்குப் பக்கத்தில் ஏ.எல். என்ற இரண்டெழுத்துப் பலகை, அதற்குக் கீழே எண் பொத்தான்கள் வைத்த சிறு இரும்புப்பெட்டி. சாவிப்பெட்டி.

சுற்றுலாப் பயணிகளுக்கு விடும் வீடுகள் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று 2014-லிருந்து உங்கள் நாட்டில் சட்டம் இருக்கிறது. அதன் அடையாளம்தான் அந்தப் பலகை. சட்டத்தில் தவறு ஏதும் எனக்குத் தெரியவில்லை. வீட்டை வாடகைக்கு விட்டுப் பிழைப்பவர்கள்மேல் கோபமும் இல்லை. எங்கள் ஊரில் நானே என் மாடியை வாடகைக்கு விட்டிருக்கிறேன். என் கண்ணை உறுத்துவது அந்தப் பெட்டி. நானூறு வருடம் நின்ற கல்நிலையில் துளை போட்டு, திருகாணி வைத்து, அதில் சாவியைப் போட்டுத் தெருவில் தொங்கவிட்டிருக்கிறார்கள். சில வாசல்களில் ஒன்றன்கீழ் ஒன்றாக நான்கு தொங்குகின்றன, பால்மடி மாதிரி.

சாவி என்பது உங்கள் ‘ஷாவ்’. எங்களுக்கு நீங்கள் கொடுத்தவற்றில் அதைத்தான் நாங்கள் ஒரு நாளைக்கு அதிகத் தடவை சொல்கிறோம். அலமாரி, கோப்பை, பீப்பாய், பேனா, ஏலம் எல்லாம் உங்கள் வழியில் வந்தவை. 1554-ல் லிஸ்பனில் உங்கள் எழுத்திலேயே தமிழை அச்சடித்து ஒரு சிறு செப நூலும் போட்டீர்கள். எங்கள் கடற்கரைக்காரர்களுக்காகத்தான். கதவு மட்டும் எங்கள் சொல், அதை நாங்கள் யாரிடமும் வாங்கவில்லை. திறப்பு, திறவுகோல் என்று எங்களுக்கும் நல்ல சொற்கள் இருக்கின்றன, இலங்கைத் தமிழர்கள் இன்றைக்கும் திறப்பு என்றுதான் சொல்கிறார்கள். ஆனாலும் தூத்துக்குடியில் எங்கள் அம்மா சேலை முந்தானையில் முடிந்து வைத்திருந்தது சாவிதான்.

இந்தச் சொல்லால்தான் உங்கள் ஊரில் எனக்கு ஒரு பழக்கம் ஏற்பட்டது. மூன்று வருடத்துக்கு முன்பு ஒரு காலையில், சாந்தா மரியா தெருவில் ஒரு கடல்கன்னிக் கதவை எடுத்துக்கொண்டிருந்தேன். அதற்கு இரண்டு வீடு தள்ளி, ஓவியம் ஏதுமில்லாத பச்சைக்கதவு ஒன்று இருக்கிறது. எத்தனையோ முறை தாண்டிப்போயிருக்கிறேன், படம் எடுத்ததில்லை. எந்தச் சுற்றுலா வழிகாட்டியும் அங்கே நிற்கமாட்டார். அன்றைக்கு அந்தக் கதவு திறந்தது. எண்பது வயதிருக்கும் ஒரு பாட்டி, கறுப்பு உடை, கையில் பை. பூட்டிவிட்டுத் திரும்பும்போது கை தவறிச் சாவி கீழே விழுந்து, கற்களுக்கு நடுவே ஒரு இடுக்கில் போய்ச் செருகிக்கொண்டது. அவர் குனிய முடியாமல் தேடுகிறார். எனக்குத் தெரிந்த போர்த்துக்கீசியம் ‘போன் தியா’, ‘ஒப்ரிகாது’ இரண்டும்தான். பதற்றத்தில், “சாவி! சாவி அங்க இருக்கு!” என்று தமிழில் கத்திவிட்டேன்.

அவர் என் விரல் காட்டிய இடத்தைப் பார்த்தார். “ஷாவ், சிம், சிம்” என்றார். (சிம் என்றால் ஆமாம்.) நான் எடுத்துக் கொடுத்தேன். அவருக்கு நான் கத்தியது புரிந்தது என்பதே எனக்கு ஒரு நிமிடம் கழித்துத்தான் உறைத்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ நீளமாகப் பேசினார். எதிர்க்கடையில் மேசை துடைத்துக்கொண்டிருந்த பையன் வந்து பெயர்த்துச் சொன்னான்.

தெருவில் முன்பு யாருக்கு வெளியே போக வேண்டுமென்றாலும் அவரிடம்தான் சாவியைக் கொடுத்துவிட்டுப் போவார்களாம். பள்ளி விட்டு வரும் பிள்ளைகள், வேலைக்குப் போன மருமகள்கள், கடலுக்குப் போனவர்கள் என்று ஆறேழு வீட்டுச் சாவிகள் ஒரு ஆணியில் தொங்குமாம். யார் எத்தனை மணிக்கு வந்தார்கள், யார் வரவில்லை, யாருக்கு உடம்பு சரியில்லை, எல்லாம் அந்த ஆணியைப் பார்த்தால் தெரிந்துவிடும். இப்போது ஒரு சாவியும் இல்லை. அதற்குப் பதிலாக, வாரத்தில் இரண்டு மூன்று தடவை யாராவது பெட்டியைத் தேடி அவர் கதவுநிலையைத் தடவிப் பார்க்கிறார்கள். கதவு எண் குழம்பி, நள்ளிரவில் உருளைப்பெட்டியோடு வந்து தள்ளிப் பார்ப்பவர்களும் உண்டு. போதாக்குறைக்குப் படம் எடுக்க வருபவர்கள் அவர் படியில் உட்கார்ந்துகொள்கிறார்கள், அவர் வெளியே வர முடிவதில்லை. பையன் இதைச் சொல்லும்போது என் கையில் இருந்த கைபேசியைப் பையில் போட்டுக்கொண்டேன்.

கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது, அன்றைக்குத்தான் அதை நின்று பார்த்தேன். கையெழுத்தில் இரண்டு மொழியில், ‘இங்கே ஆள் இருக்கிறது’.

எங்கள் ரயிலில் கழிவறைக் கதவைத் தட்டினால் உள்ளிருந்து வரும் குரல் அது. சொந்த வீட்டுக்கு அப்படி எழுதி ஒட்ட வேண்டிய நிலைமைக்கு ஒரு தெரு எப்படி வந்தது என்று உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எத்தனை உரிமம் கொடுக்கலாம், எங்கே நிறுத்தலாம் என்பதெல்லாம் பெரிய கணக்கு. வாக்களிக்காத, வரி கட்டாத, ஆறு மணி நேரம் மட்டும் உங்கள் ஊரில் இருக்கும் ஒருவன் அதில் தலையிடக் கூடாது. நான் கேட்பது சின்னது. அந்தச் சாவிப்பெட்டிகளைக் கல்நிலைகளிலிருந்து கழற்றச் சொல்லுங்கள். ஃப்ளோரன்ஸ் நகராட்சி தன் பழைய நகரத்தில் 2025 முதல் அவற்றுக்குத் தடை போட்டிருக்கிறது, ஆகவே இது நடக்காத காரியம் இல்லை. வாடகைக்கு வருபவன் ஒரு ஆளின் கையிலிருந்து சாவி வாங்கட்டும். அந்த ஆள் அதே தெருவில் இருப்பவராக இருந்தால் இன்னும் நல்லது, அதற்கு வீட்டுக்காரர்கள் ஒரு தொகை கொடுக்கட்டும். ஆணி இன்னும் அந்தப் பாட்டி வீட்டில் அப்படியேதான் இருக்கிறது, நான் பார்த்தேன். இரவு பதினொரு மணிக்கு விமானம் இறங்கி வருபவனுக்கு இதெல்லாம் சிரமம் என்பார்கள். கப்பலில் எந்த நேரத்திலும் அறைச்சாவி கொடுக்க ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறார். அது சம்பளக் கணக்கு, அவ்வளவுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஓவியங்கள் வெளுத்துவிட்டன, உடனே புதுப்பிக்க வேண்டும் என்று உங்களுக்கு நிறைய மனுக்கள் வரலாம். என்னைப் போல வந்து படம் எடுப்பவர்கள்தான் அதை எழுதுவார்கள். கடல்காற்று படும் இடத்தில் வண்ணம் நிற்காது. என் அப்பாவுக்கு ஒரு வள்ளம் இருந்தது. வருடத்துக்கு ஒரு முறை கரையேற்றி, பழையதைச் சுரண்டி, புதிதாகப் பூசுவார். ஒரு வருடம் நீலம், அடுத்த வருடம் கையில் எது மலிவாகக் கிடைத்ததோ அது. பெயரை மட்டும் பார்த்துப் பார்த்து எழுதுவார். வள்ளம் அவருடையது, அதனால் வண்ணமும் அவர் இஷ்டம். உங்கள் தெருவில் ஆள் குடியிருக்கும் வீட்டின் கதவுக்கும் அதே நியாயம் இருக்கட்டும். உள்ளே இருப்பவர் ஓவியத்தைப் புதுப்பிக்க விரும்பினால் செலவு கொடுங்கள். அதன்மேல் பச்சை அடிக்க விரும்பினால் அந்த டப்பாவுக்கும் காசு கொடுங்கள். நல்ல ஓவியம் ஒன்று போய்விடுமே என்று எனக்கும் வருத்தமாகத்தான் இருக்கும். இருக்கட்டும்.

நான் வேலை பார்க்கும் கப்பல்தான் ஒரே காலையில் மூவாயிரம் பேரை உங்கள் கரையில் இறக்குகிறது என்பதையும் மறக்கவில்லை. என் சம்பளம் அவர்கள் கொடுப்பது. அவர்களில் பாதிப் பேர் கையில் கதவுப் படத்தோடு திரும்பி வருகிறார்கள். இரவுப் பந்தியில் ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்வார்கள், நானும் போகிற போக்கில் எட்டிப் பார்ப்பேன். ‘அது 2014-ல் இன்னும் நல்லா இருந்தது’ என்று மனத்துக்குள் சொல்லிக்கொள்வேன். இப்படிப்பட்ட ஒருவன் உங்களுக்கு யோசனை சொல்வது கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனம்தான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் காலைக்குப் பிறகு நான் இரண்டு முறை வந்தேன். முதல் முறை தூத்துக்குடி மக்ரூன் ஒரு பெட்டி கொண்டுவந்தேன், ஈரக்காற்றில் நமுத்துப்போயிருந்தது. பாட்டி ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு மிச்சத்தை அலமாரியில் வைத்தார். நான் அலமாரியைக் காட்டி “அலமாரி” என்றேன், அவர் “அர்மாரியு” என்று திருத்தினார். இரண்டாம் முறை கதவு பூட்டியிருந்தது. சந்தைக்குப் போயிருக்கலாம், ஞாயிற்றுக்கிழமை வேறு. எதிர்க்கடையில் அந்தப் பையனும் இல்லை, புது ஆள். தாள் மட்டும் இருந்தது, வெயிலில் எழுத்து மங்கியிருந்தது. நிலையில் பெட்டி எதுவும் இல்லை என்பதை மேலிருந்து கீழ்வரை பார்த்து உறுதிசெய்துகொண்டு கப்பலுக்குத் திரும்பினேன்.

நவம்பரில் மறுபடி வருகிறோம். காலை எட்டு மணிக்குக் கரை தொடும் என்று அட்டவணையில் போட்டிருக்கிறது.

இப்படிக்கு,
படம் எடுக்க வந்துபோகும் தூத்துக்குடிக்காரன்